நல்ல பக்கம் உள்ளே

ஒன்பது வருஷமாக நான் தரையில் முழங்காலிட்டுத்தான் துணி வெட்டினேன். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த ஸ்டோர் அதிகாரியம்மாதான் முதலில் கேட்டார். நான் மாதிரிக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலில் குறை எதுவும் கிடைக்கவில்லை. பிறகு என் தரையைப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா டாக்டருங்க போடுற கோட்டைத் தரையில போட்டு வெட்டுறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். மேசை இருந்தா நூத்தி இருபது கோட்டும் உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்குறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. மேசையின் இரும்புக் கால்கள் அறை மூலையில் தயாராக நின்றன. பலகைகளும் இருந்தன: ஏழடி நீளம், ஓரடி அகலம், நான்கு. இரண்டு மாதத்துக்கு முன்பு என் அண்ணன் அனுப்பியவை. ஓரங்களை நேராக்கி ஒன்றோடொன்று ஒட்டினால் மேசை. "அரை நாள் வேலை" என்று சொல்லியிருந்தான். அந்த அரை நாள்தான் இரண்டு மாதமாக வந்து சேரவில்லை.

அண்ணன் தச்சன். எதையும் அளந்து அளந்தே பேசுவதால் தெருவில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். போன் போட்டு அதிகாரியம்மா சொன்னதைச் சொன்னேன்.

"மெஷின் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"கையால இழைக்க முடியாதா அண்ணா?"

"ஏழடி ஓரத்தையா? இடுக்கு இல்லாம சேரணும்னா மெஷின்தான். கையாலன்னா நானே தொட மாட்டேன். நீ ஊசியில நூல் கோக்குற வேலையப் பாரு."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் போனை வைத்துவிட்டு அழுதிருப்பேன். அவன் சொல்லிவிட்டான். எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது, கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷம் எங்கள் வீட்டுக் கதவை இழைக்க வந்தபோது அண்ணன் மறந்துவிட்டுப் போன இழைப்புளி அலமாரியின் மேல் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினேன்.

புதன்கிழமை முழுக்க அவமானம். ஒவ்வொரு பலகையாக நிறுத்தி வைத்து ஓரத்தை இழைத்தேன். தனியாகப் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் வெளிச்சம். மறுபடி இழைத்தேன், வெளிச்சம் இடம் மாறியது. என் கணவர் பேருந்து ஓட்டுநர். காலை முறை முடித்து வந்தவரைப் பலகைக்கு அடியில் படுக்க வைத்து டார்ச் அடிக்கச் சொன்னேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியுதா?"

"தெரியுது. உன் முறைப்பும் தெரியுது."

இடுக்கு அவ்வளவு பெரியது. துணி வெட்டும் மேசையில் அது உதவாது. துணியில் அளவுத் தடம் போடும் பல்சக்கரம் இடுக்கில் இறங்கினால் கோடு கோணும். இடுக்கில் சேரும் அழுக்கு வெள்ளைத் துணியில் ஒட்டும். இழைத்து இழைத்துப் பலகைகள் இளைத்ததுதான் மிச்சம், அண்ணன் சொன்னது சரியாகிவிடும் போலிருந்தது.

வியாழக்கிழமை காலை இழைப்புளியைத் தொடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தை ஒரே வெட்டாகச் சீர் செய்தேன். கம்பளி தடிமன். கத்தரி கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நான் கவலைப்படவில்லை. கத்தரி சாய்ந்தால் மேல் துணி ஒரு நூல் கூடும், கீழ் துணி ஒரு நூல் குறையும். விரித்தால் இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். எந்தத் தையல்காரிக்கும் இது தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு நாள் முழுக்கப் பலகையைத் தனித்தனியாக இழைத்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பலகைகளின் நல்ல முகங்களில் தையல் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன். ஒன்றையும் இரண்டையும் எண்கள் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் சேர்த்து, ஓரங்கள் மேலே வர நிறுத்திக் கட்டினேன். இரண்டு ஓரத்தையும் ஒரே ஓரமாக நினைத்து இழைத்தேன். என் கை எப்போதும் வலது பக்கம் சாய்கிறது, சாயட்டும் என்று விட்டேன். ஒன்றில் சாய்ந்ததை மற்றது ஈடுகட்டும்.

நீளவாக்கில் மேடு இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது, விரிக்கும்போது மேடு இரட்டிப்பாகும். அதற்கு நூல் இருந்தது. முனைக்கு முனை இழுத்துப் பிடித்தேன், எங்கே நூல் மரத்தில் உரசியதோ அங்கே மேடு. முனைகளைத் தொடாமல் நடுவை மட்டும் இழைத்துக்கொண்டே வந்தேன். அங்கே இழைப்புளி மரத்தைக் கடிக்காமல் வழுக்கியதும், முனையிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. ஏழடிச் சுருள் அறுபடாமல் என் கைமேல் விழுந்தது. கட்டை அவிழ்த்துப் புத்தகம் போல விரித்தேன். மறுபடி கீழே படுத்திருந்த கணவர் டார்ச் அடித்தார்.

"எரியுதா?"

"எரியுது. உனக்குத் தெரியலையா?"

எனக்கு ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் அவர் தலையைப் பலகையில் இடித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் மூன்று இணைப்புக்கும் இழைத்து முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒட்டுவதற்காக வரிசையாக அடுக்கினேன். மூன்றாம் பலகையில் ஒரு கறுப்பு முடிச்சு மேலே தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தப் பலகையைக் குப்புறத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் மேலே வாய் பிளந்துகொண்டது. ராத்திரியில் மரம் வளைந்துவிட்டதா? மறுபடி முதலிலிருந்தா?

"நேத்து நம்பர் தெரிஞ்சுதே, இப்ப மூணு மட்டும் காணோமே" என்றார் கணவர்.

தொழில் பழகும்போது நான் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தவள். ஒரு துண்டை மட்டும் குப்புறப் போட்டு வெட்டினால் அதுதான் கிடைக்கும். இங்கேயும் அதையேதான் செய்திருந்தேன். இரண்டும் ஒரே திசையில் சாய்ந்து, ஈடுகட்ட வேண்டியது கூட்டிக் கொடுத்திருந்தது. பலகையைத் திருப்பி எண்ணை மேலே கொண்டு வந்தேன். வாய் மூடிக்கொண்டது. முடிச்சு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பசை தடவினேன். சுற்றிக் கயிறு கட்டி, குச்சி செருகி முறுக்கினேன். பலகை எழும்பாமல் இருக்க இரண்டு தையல் மெஷினையும் மேலே ஏற்றினோம். அதுவும் போதாமல் கணவரும் ஏறி உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தான். அதிகாரியம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று வாசலிலேயே ஆரம்பித்தவன், மேசையைப் பார்த்து நிறுத்திவிட்டான். உப்புத்தாள் போட்டுத் துடைத்து, இரும்புக் கால்களின் மேல் நின்றது. குனிந்தான். நகத்தால் கீறிப் பார்த்தான். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினான்.

"எத்தனை பலகை?"

"நீ அனுப்பினதுதான், நாலு. இணைப்பு மூணும் எங்கன்னு சொல்லு பார்ப்போம்."

சாக்பீஸை வாங்கினான். அடியிலோ முனையிலோ பார்க்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். வெகுநேரம் யோசித்து மூன்று கோடு போட்டான். அதில் ஒன்றுதான் சரி. மற்ற இரண்டும் மரத்தின் சொந்த ரேகைகள். மில்லிமீட்டர் இரண்டு இடத்தில் அங்குலக் கணக்கில் தவறியிருந்தான். என் சந்தோஷத்தை நான் மறைக்கவே இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

பதினோரு மணிக்கு அதிகாரியம்மா வந்தார்.

"இது என்ன கோடு?"

"எங்க அண்ணன் இணைப்பு தேடின இடம்மா. அவர் தச்சர்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். அதிகாரியம்மா பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை எடுத்து மேசையின் குறுக்கே அழுத்தித் துடைத்தார். எங்கும் சிக்கவில்லை, கொஞ்சம் சாக்பீஸ் தூள் மட்டும் ஒட்டியது. நான் பல்சக்கரத்தை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டினேன். ஒரு இடத்திலும் துள்ளவில்லை.

"திங்கக்கிழமை துணி அனுப்புறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என் மேசையின் மேல் வைத்தே போட்டார்.

அவர் போனதும் அண்ணன் அலமாரிப் பக்கம் நடந்தான்.

"எப்படிப் பண்ணின?"

"நல்ல பக்கத்தை உள்ள வச்சு ரெண்டையும் சேர்த்து."

அவனுக்கு உடனே புரிந்தது, முகத்தில் தெரிந்தது. கையை நீட்டினான்.

"சரி, அந்த இழைப்புளியக் கொடு. மெஷின் வர்ற வரைக்கும் நானும் அப்படித்தான் ஓட்டணும்."

"அது இங்கயே இருக்கட்டும் அண்ணா. நீ வேணும்னா ஊசி எடுத்துட்டுப் போ."

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினார். நான் கம்பளிக் கோட்டின் மிச்சத் துண்டுகளை மேசையில் விரித்து, நின்றபடியே வெட்ட ஆரம்பித்தேன்.