கம்ப்யூட்டர் அறைச் சாவி

மலேசியாவில், பெடாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு 1992-இல் கம்ப்யூட்டர் வந்தபோது, அந்த அறைச் சாவி என் பாக்கெட்டுக்குத்தான் வந்தது. மாலை வகுப்புக்கு நான்தான் ஆசிரியர். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். என் மகள் நீலாவதி மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள்.

அப்புறம் வள்ளிநாயகி சிரம்பானில் படித்துவிட்டு இன்னொரு ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். அவள் பிள்ளைகளை மெஷின் பக்கமே விடவில்லை. ஒரு பிள்ளை மெஷினாக நிற்கும், சொன்னதை மட்டும் செய்யும். இன்னொரு பிள்ளை கட்டளை சொல்லும்.

"இந்த மெஷின் நாளைக்கு மாறிடும் சார். யோசிக்கிறது மாறாது லா," என்றாள்.

கூத்தடிப்பதற்குப் பெயர் பாடமாம். ஆனால் பிள்ளைகள் அவள் பின்னால்தான் ஓடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

விஜயதசமியன்று இரண்டு வகுப்பையும் பார்த்து, நன்றாக நடத்துபவரிடம் சாவியைக் கொடுப்பதென்று தோட்டக் கமிட்டித் தலைவர், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டி சொல்லிவிட்டார். முதல் நாள் சரஸ்வதி பூஜை. மெஷினுக்குப் பொட்டு வைக்க வள்ளிநாயகி வந்தாள். விடுவேனா? சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கி, மெஷினுக்கும் அதைக் கிளப்பும் டிஸ்க்குக்கும் நானே தாராளமாக அப்பினேன்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் டிஸ்க்கைச் செருகினேன். கரகரவென்றது, அப்படியே நின்றுவிட்டது. காய்ந்த சந்தனம் உதிர்ந்து உள்ளே போயிருந்தது. என் பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக் கட்டளைகளை ஒப்பித்தார்கள். மாயாண்டி கொட்டாவி விட்டார்.

"நீ காட்டு பிள்ள," என்றார் வள்ளிநாயகியிடம்.

"மெஷினா நிக்க ஒரு ஆள் வேணும்," என்றாள் அவள். பிள்ளைகள் எல்லாம் என்னைக் கை காட்டினார்கள். மறுத்தால் மானம் போகும். நின்றேன்.

கட்டளை சொல்ல வந்தவள் நீலாவதி. என்னிடம் சொல்லாமல் எப்போது அந்தப் பக்கம் போனாள்?

"பாக்கெட்ல கை விடு."

நான் அசையவில்லை. சட்டையிலும் பாக்கெட், கால்சட்டையிலும் பாக்கெட். தடுமாறட்டும் என்று நின்றேன்.

அவள் யோசித்தாள். "சிலுவார் பாக்கெட். வலது பக்கம்."

விட்டேன்.

"உள்ள இருக்கிற சாவிய எடு."

எடுத்தேன்.

"டீச்சர் கையில வை."

எல்லோரும் சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்தார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. சொன்னதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் தேடினேன். பிழை இல்லை. சாவியை வைத்தேன்.