நீலச் சுவரில் தங்காத முகங்கள்

சிப்பிக் கொட்டகையின் சுவரில் தீட்டிய பன்னிரண்டு முகங்களும் செவ்வாய்க்கிழமை காலைக்குள் இறங்கிப் போய்விட்டன. தொப்பிகளும் ஒரு மூக்குக்கண்ணாடியும் மட்டும் வரைந்த இடத்திலேயே இருந்தன. தென் கரோலினாக் கரையோரத்து ஹெரன் தீவில் இதற்காக யாரும் அலறவில்லை. மழையில் கரைந்திருக்கும் என்றார்கள். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓவியர் ஜாங்குவில் ஃப்ரேசியர் நான்கு நாள் உழைத்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வந்து பார்த்தால் மறுபடியும் தொப்பிகள்தான் மிச்சம்.

அடிமை விடுதலைக்குப் பின் அங்கே சொந்த நிலம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் தொடங்கி, ஒரு புகைப்படம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தவர்கள்வரை, ஊர் கூடித் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர் அவர்கள். கடைசி முகம் வெர்மெல் பொலைட்டின் அக்கா இடெல்லாவுடையது. 1961இல், பத்தொன்பது வயதில், சிப்பி எடுக்கப் போன படகு கவிழ்ந்து போனவள். உடலும் கிடைக்கவில்லை. அந்த முகம் வெர்மெல்லின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எழுபத்திரண்டு வயது வெர்மெல்லுக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. கிறிஸ்துமஸுக்குமேல் வெளிச்சம்கூடத் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றி இன்னும் அகலம், உதடு இன்னும் தடிமன், முன்பல்லில் ஒரு சின்ன உடைசல் என்று சொல்லிச் சொல்லி ஜாங்குவில்லின் உயிரை வாங்கினாள்.

இரண்டாம் முறையும் சுவர் காலியானதும் தேவாலயப் பொறுப்பாளர், டீக்கன் ஹெசக்கையா மேசிக் வாயைத் திறந்தார். "அட்லாண்டா வரைக்கும் போய்ப் படிச்சியே பொண்ணு, பெயிண்ட் நிக்குற மாதிரி அடிக்கச் சொல்லித் தரலியா அங்க?"

"படம்தான் என்னோடது டீக்கன். அடியில பூசினது நீங்க."

அப்போதுதான் டீக்கனின் மனைவி அலீத்தியா கேட்டாள், அடியில் என்ன பூசினாய் என்று. எதையும் வீணாக்காத மனிதர் அவர். வீடு வீடாகப் போய் மிச்சமிருந்த பெயிண்டையெல்லாம் வாங்கி, ஒரே பீப்பாயில் கலக்கிப் பூசியிருந்தார். அந்தத் தீவில் அநேகமாக எல்லா வீட்டிலும் மிஞ்சுவது ஒரே நிறம்தான்: முன் தாழ்வாரத்துக் கூரையின் உட்புறத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் அடிக்கிற வெளிர் நீலம். செத்தவர்கள் அதைத் தண்ணீர் என்று நினைத்துத் தாண்டி வரமாட்டார்கள். அதற்காகத்தான் அதை அடிப்பதே.

அலீத்தியா தலையில் அடித்துக்கொண்டாள். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, வந்தவங்க மூஞ்சியிலயே கதவ அறைஞ்சு சாத்தியிருக்கியே, மனுஷா! முப்பத்தெட்டு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேனே, எனக்குத்தான் கோயில் கட்டணும்."

யாரும் சிரித்து முடிப்பதற்குள் வெர்மெல் கேட்டாள். "அப்போ எங்கக்கா எங்க போனா?" இரண்டாவது தடவையும் அவளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

ஊரில் நீலம் அடிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். அது வெர்மெல்லுடையது. ஆவி வந்து நெஞ்சில் ஏறி உட்காரும் என்று பயமுறுத்தியவர்களிடம், "வந்தா எங்கக்காதான வருவா, உட்காரட்டும்" என்று சொல்லி, ஐம்பத்தெட்டு வருடம் கூரைப் பலகையை வெறுமனே விட்டிருந்தாள். அது நினைவுக்கு வந்த அலீத்தியா பேச்சை நிறுத்திவிட்டு நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். தாழ்வாரத்துக் கூரையில் பன்னிரண்டு பேரும், தொப்பியில்லாமல், கூட்டம் நிறைந்த பஸ்ஸில்போல நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

வெர்மெல் தரையில் மல்லாக்கப் படுத்தாள். ஊஞ்சல் கொக்கியின் பக்கத்தில் இருந்தாள் இடெல்லா. நெற்றி சின்னது. பல்வரிசை முழுசாக இருந்தது.

"நான் இப்படி வரையலையே, வெர்மெல் பாட்டி," என்றாள் ஜாங்குவில்.

வெர்மெல் தன் முன்பல்லின் உடைசலை நாக்கால் தடவிப் பார்த்தாள். பதினொரு வயதில் படகு விளிம்பில் மோதி உடைந்தது. "அட கர்த்தாவே," என்றாள். "இத்தனை வருஷமா என் மூஞ்சியவே நெனச்சு அழுதிருக்கேன். பாரேன் அவள, எவ்ளோ அழகு!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவளைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சுவரைச் சுரண்ட வேண்டாம் என்று முடிவானது. திறப்பு விழாவில் டீக்கன் தொப்பிகளுக்கு முன்னால் ரிப்பன் வெட்டினார். விருந்தினர்கள் தட்டில் தக்காளிச் சோறும் இறாலும் எடுத்துக்கொண்டு வெர்மெல் வீட்டுக்கு நடந்துபோய் மிச்சத்தைப் பார்த்தார்கள். பிறகு மற்ற குடும்பங்களுக்கும் ஆசை வந்து, தங்கள் கூரை நீலத்தைச் சுரண்ட ஆரம்பித்தன. சுரண்டிய வீட்டுக்கு அந்த வீட்டாள் மறுநாளே போய்விடுவார். நவம்பர் முடிவதற்குள் பதினொரு பேரும் அவரவர் வீடு சேர்ந்தார்கள், மேசிக் வீட்டுக்குப் போனவர் டீக்கனின் கட்டிலுக்கு நேர் மேலே.

இடெல்லா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். வெர்மெல் ஒரு கட்டிலைத் தாழ்வாரத்தில் போட்டு, மூன்று மாதம் பகலெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபடி டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பார்வை முழுசாகப் போயிற்று. ஈரக்காற்று அடித்தால் இடெல்லா முகத்தைச் சுளிப்பாள், வெயில் வந்தால் பல் தெரியச் சிரிப்பாள். வருகிறவர்கள் மேலே பார்த்துக்கொண்டே, "சொல்லு வெர்மெல், இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று சோதிப்பார்கள். அவள் சொல்வாள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.