குடுத்துடறோம், போம்மா

மணிமொழி தம்பியின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். நாக்கின் ஓரம் கடிபட்டுக் கறுத்திருந்தது. இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. சிமெண்டுத் தரையில் வெகுநேரம் உதறியிருக்கிறான்.

"தொடாதம்மா," என்றார் பிணவறை வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர். "பாத்தாச்சில்ல, வெளிய வா."

அவள் துணியைக் கழுத்துவரை நிதானமாக இழுத்துவிட்டுத்தான் வந்தாள்.

தம்பி பலராமன் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கற்பூரமும் விபூதிப் பொட்டலமும் விற்றவன். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வந்து போனால் கொஞ்ச நேரம் ஆள் தெரியாது. பேரைக் கேட்டால் சிரிப்பான், எழுந்தால் தள்ளாடுவான். நேற்றுப் பிற்பகல் அப்படித் தள்ளாடியவனைத்தான் குடிகாரன் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். பேர் சொல்லாததற்கு அறை வேறு விழுந்ததாகப் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள்.

கேட்டதும் மணிமொழி மாத்திரை அட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். மேசையில் இருந்த ஏட்டு நிமிரவே இல்லை.

"குடிச்சிருக்கான். தெளியட்டும், காலையில வா."

"அவன் குடிக்கமாட்டான் சார். வேணும்னா வாய மோந்து பாருங்க. வலிப்பு சார் அது. ராத்திரி மாத்திரை போடலைன்னா திரும்பவும் வரும்."

உள்ளேயிருந்து "அக்கா" என்று குரல் வந்தது. தெளிந்த குரல். பார்க்க விடவில்லை. ஏட்டு அட்டையை மட்டும் வாங்கி மேசைமேல் போட்டார்.

"குடுத்துடறோம், போம்மா."

அவள் நம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சாப்பிட்ட பிறகு ஒன்று என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது இன்ஸ்பெக்டர் அவள் கணவன் தசரதனிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியுது. சாவுல சந்தேகம் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. அமரர் ஊர்தி நாங்களே சொல்லிட்டோம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்."

தசரதன் தலையாட்டினான். அவர்களுக்குப் பின்னால் அதே ஏட்டு நின்றிருந்தார். மணிமொழி நேராக அவரிடம் போனாள்.

"மாத்திரை குடுத்தீங்களா சார்?"

"குடுத்தோம்மா."

"அட்டை எங்க?"

அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அட்டையின் வெள்ளி ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் எட்டி உருவினாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"நடிக்கிறான்னு நெனச்சோம்," என்றார் ஏட்டு தரையைப் பார்த்து.

"யோவ், சும்மா இரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கீங்க." மணிமொழியின் குரல் உயரவில்லை. "கதவத் தொறந்து அவன ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கலாம். மாத்திரைதான் குடுக்கல, அதையாவது பண்ணியிருக்கலாம்."

தசரதன் அவள் தோளைத் தொட்டான். "போலீஸோட நமக்கு எதுக்கு, மணி. கையெழுத்து போட்டுட்டு அவன எடுத்துட்டுப் போலாம் வா."

"போடமாட்டேன்." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஸ்டேஷன்ல செத்தா மாஜிஸ்ட்ரேட் வந்து பாக்கணுமாமே சார்."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன. வரணுமா, வேணாமா?"

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மணிமொழி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு பிணவறைப் படியில் உட்கார்ந்தாள். தசரதன் கேட்டை நோக்கி நடந்தான். அவள் கூப்பிடவில்லை.

கேட்டுக்கு உள்ளே அமரர் ஊர்தி சாமந்தி மாலைகளோடு காத்திருந்தது. தசரதன் டிரைவரிடம் ஏதோ சொன்னான். டிரைவர் இன்ஸ்பெக்டர் இருந்த பக்கம் பார்த்துத் தயங்கினார். தசரதனே போய்ப் பின்கதவைச் சாத்தினான். கையைக் காட்டிக் காட்டி வண்டியைத் திருப்ப வைத்தான்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் கைகூப்பினார். வண்டி அவர்களைக் கடந்து, உள்ளே யாரும் இல்லாமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது.