கல்தேனுக்கு உயரம் பிடித்தது

என் தம்பி கல்தேன் மாரடைப்பில் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவனுக்கு உயரம் பிடித்தது; காற்று மெலிந்த உயரத்தில் தலைவலியாகத் தொடங்கி ஆளையே கொல்லும் நோய் அது. இந்த மலையிலேயே பிறந்து, மீசை முளைத்த நாளிலிருந்து வெள்ளைக்காரர்களைக் கணவாய்க்குக் கணவாய் கூட்டிப்போன ஷெர்பாவுக்கு உயரம் பிடித்தது.

அவன் நியூயார்க்குக்கு டாக்ஸி ஓட்டப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது; கடலோர ஊரில் கிடந்த உடம்பு மலைக் காற்றை மறந்திருந்தது. ஊரைப் பார்க்கணும் என்று கிளம்பி வந்தவன், காத்மாண்டுவில் இறங்கிய மறுநாளே ஹெலிகாப்டர் பிடித்து எங்கள் விடுதி வாசலில் குதித்தான். பார்த்ததும் கட்டிக்கொண்டேன். உடனே வையவும் செய்தேன்.

"கீழே லுக்லாவில ப்ளேன் இறங்கி நடந்து வந்தா கால் தேஞ்சுபோயிடுமா உனக்கு?"

"என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் எதுக்குக்கா நடுவழியில நாம்சேல தங்கி மூச்சுப் பழகணும்? நான் என்ன டூரிஸ்டா?"

அவன் கூட்டாளி கெல்ஜே இதைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். இருவரும் ஒன்றாகச் சுமை தூக்கி, ஒன்றாக வழிகாட்டி ஆனவர்கள். மறுநாள் காலையிலேயே பழைய வழியில் கணவாய் வரைக்கும் ஒரு நடை என்று கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்து அடுப்போரம் உட்கார்ந்த தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டான். உருளைக்கிழங்கு ரொட்டியும் யாக் வெண்ணெயும் வைத்தேன். அதற்காக உயிரை விடுகிறவன் தட்டைத் தள்ளினான்.

"என்னடா, தலைவலியா? ஆக்சிஜன் கொண்டாரட்டுமா, துரை?" என்றான் கெல்ஜே. அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

"போடா. ப்ளேன்ல தூக்கம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இருமினான். இருமலில் ஒரு கொரகொரப்பு. அந்த இருமலோடு எங்கள் விடுதியில் வந்து விழுந்த எத்தனையோ பேரை அவனே முதுகில் கட்டிக் கீழே இறக்கியிருக்கிறான். தலை வலித்தால் இறங்கு, யோசிக்காதே என்று அவர்களை அதட்டியவனும் அவன்தான்.

"இப்பவே இறங்குடா. குதிரைக்குச் சொல்றேன்."

"குதிரைல உட்கார வச்சு என்னை இறக்கினா, அப்புறம் இந்த ஊர்ல நான் நடமாட முடியுமாக்கா?"

பாவி. காலையில் எழுந்தபோது அவனால் நிற்கவே முடியவில்லை. வாய் குழறியது. மேகம் கவிந்து கிடந்ததால் ஹெலிகாப்டர் வர முடியாது என்றார்கள். கெல்ஜேதான் அவனை முதுகில் சுமந்து இறங்கினான், வழியெல்லாம் அழுதுகொண்டே. நான் பின்னால் ஓடினேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் தம்பி மூச்சு நின்றுபோனது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். லாமா ஏடு பார்த்துத் தகனத்துக்கு நாள் குறித்தார். நியூயார்க்கில் இருக்கிற அவன் மனைவிக்கு உறவுக்காரர்களே போன் செய்து, மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த மகன் ஜிக்மே உடனே விமானம் ஏறிவிட்டான்.

காத்மாண்டுவில் இறங்கியதும் எனக்குப் போன் செய்தான். ஹெலிகாப்டருக்குச் சொல்லியாகிவிட்டதாம், தகனத்தன்று காலையில் வந்துவிடுவானாம். போனைப் பொத்திக்கொண்டு கெல்ஜேயைப் பார்த்தேன்.

"வேணாம்க்கா," என்றான் தரையைப் பார்த்தபடி. "ஷெர்பாவுக்கு உயரம் பிடிச்சுதுன்னு வெளிய தெரிஞ்சா அவன் பேரு என்னாகும்? மாரடைப்பாவே இருக்கட்டும்."

நான் போனைக் காதில் வைத்தேன்.

"ஜிக்மே, உங்கப்பாவுக்கு மாரடைப்பெல்லாம் இல்லடா. நேரா ஹெலிகாப்டர்ல வந்தான். தலை வலிச்சுது, சொல்ல வெட்கப்பட்டான், செத்துட்டான். நீ அப்படி வராதே. லுக்லாவிலேர்ந்து நட. நாம்சேல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வா."

"நடந்து வந்தா அப்பாவைப் பார்க்க முடியாதே அத்தை."

"முடியாது."

"நாளைத் தள்ளிவைக்கச் சொல்லுங்க."

"கேட்டுப் பார்த்தேன். அடுத்த நல்ல நாள் ரொம்பத் தள்ளி வருது. அதுவரைக்கும் உடம்பு தாங்காது."

"ஒரு மணி நேரம் இருந்துட்டு இறங்கிடறேன். ஒரே ஒரு மணி நேரம்."

"அப்பனை எரிச்சுட்டு ஒரு மணி நேரத்துல யாருடா கிளம்புவா? மேகம் இறங்கிட்டா என்ன பண்ணுவே?"

அவன் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். திட்டுகிறான் என்பது மட்டும் புரிந்தது. போனை வைத்துவிட்டான்.

"குடும்ப மானத்தையே வாங்கிட்டியே," என்றார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா.

"அந்த மானத்தை வச்சுக்கிட்டு இன்னொருத்தனையும் எரிக்கச் சொல்றீங்களா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கெல்ஜே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

குறித்த நாளில் எரித்தோம். ஜிக்மே நடந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வழக்கப்படி சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிடித்து ஜன்னலோரம் காயவைத்திருந்தோம். அவற்றின் முன்னால் நின்றான். அப்பன் மாதிரியே அகன்ற தோள். தொடப் போனேன், விலகிக்கொண்டான்.

"எங்கப்பா முகத்தை நீங்க எனக்குக் காட்டல."

"ஆமா. காட்டல."

நான் கொடுத்த தேநீரைத் தொடாமல், போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பயம் தாங்காமல் அவன் மூக்கருகே குனிந்து மூச்சைக் கேட்டேன். "தள்ளிப் போங்க அத்தை," என்று எரிந்து விழுந்தான். குரலில் குழறல் இல்லை. இருமல் இல்லை.

வெளியே வந்து, விறகடுக்கின் மேல் சாய்ந்து, தம்பி செத்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். ஜிக்மே என்னை மன்னிக்கவே வேண்டாம். கிழவனாகிற வரைக்கும் இருந்து கோபப்படட்டும்.