தொட்டி மேல் ஆன்டெனா

...அந்தத் தண்ணீர்த் தொட்டி எனக்கு ஏன் தோன்றவில்லை, தினமும் ரயில் ஜன்னலில் வந்து நிற்கிற தொட்டி, திருவொற்றியூர் தாண்டினால் அந்தப் பக்கத்தில் அதைவிட உயரமாக என்ன இருக்கிறது, வியாசர்பாடியில் பிறந்து இங்கேயே சுற்றிய எனக்குத் தோன்றாதது நாசரேத்திலிருந்து நேற்று வந்த ஜெஸ்வினுக்குத் தோன்றிவிட்டது. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாரும் பேசிக்கொள்ள ஒரே ரேடியோ, திட்டம் போடு மலர்க்கொடி என்று முதலில் என்னிடம்தானே கொடுத்தார்கள். நானும் எண்ணூரில் புதுக் கோபுரம், அதற்கு நிலம், உப்புக்காற்றுக்குத் தாங்குகிற இரும்பு என்று மாய்ந்து மாய்ந்து கணக்குப் போட்டேன். அவன் வந்தான், தொட்டி மேலேயே ஆன்டெனாவை வைத்துவிடலாமே மேடம் என்றான், செலவு பாதியாகிவிட்டது. பெரிய அதிகாரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிகிறது, ஆமாம், எரியத்தான் செய்கிறது. திமிர் பிடித்தவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம், வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போதுகூட எனக்கு நன்னாரி சர்பத் வாங்கப் போயிருக்கிறான்.

ஆனால் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டு இருக்கிறதே, அங்கே மாட்டுவான். பொங்கல் லீவில், யார்டு காலியாகக் கிடந்தபோது சோதித்துவிட்டு எல்லா இடத்திலும் கேட்கிறது என்று எழுதிவிட்டான். கப்பல் வந்து இறக்கினால் பெட்டிமேல் பெட்டியாக இரும்புச் சுவர் எழும்பும், நடுவில் நிற்கிறவனுக்கு சிக்னல் எங்கிருந்து வரும்? ஊர்க்காரிக்குத்தானே அது தெரியும். அதனால்தான் யார்டு நிரம்பட்டும் என்று காத்திருந்து இன்று சோதனை வைத்தேன். தீயணைப்பு நிலையத்து வரதன் அண்ணன், எங்கள் பிளாக்கில் கீழ்வீடு, வாக்கிடாக்கியோடு பெட்டிகளுக்கு நடுவே போயிருக்கிறார். நான் யார்டு ஆபீஸ் வாசலில் ஜீப்பில், என் காதில் மட்டும் ஹெட்போன். அவர் கூப்பிடுவார், கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் அங்கே சிக்னல் இல்லை என்று அர்த்தம். வராது, வரக்கூடாது. போன வருஷம் அங்கே தீப்பிடித்தபோது புகைக்குள் மாட்டிக்கொண்டவர் அவர், பழைய ரேடியோ செட்டில் அவர் கூப்பிட்டது ஒருத்தர் காதிலும் விழவில்லை...

"மலரு, நடுவுல வந்துட்டேன். கேக்குதா?"

கேட்கிறது. அடப்பாவி, அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, சும்மா இருக்கிறேன், சும்மா இருந்தாலே போதும், தொட்டி தோற்றுவிடும், என் கோபுரம் எழும்பும். மறுபடி கூப்பிட்டார், இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

"அன்னிக்கும் இப்டிதாம்மா கூப்ட்டுகினே கெடந்தேன். ஒர்த்தனும் பேசல."

அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது, பேசும் பொத்தானை அழுத்திவிட்டேன். ஆனால் வாயில் வந்தது, விட்டு விட்டுக் கேக்குதுண்ணா, என்பதுதான். 

"அப்டியா? உன் கொரலு பக்கத்துல குந்திகினு பேசுற மாரி கீதே."

ஜெஸ்வின் சர்பத்தைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வருகிறான், கேட்குதா மேடம் என்று தூரத்திலிருந்தே கண்ணால் கேட்கிறான். நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன், விடவில்லை. நான் அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்தப் பக்கம் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. விரலை எடுக்க வேண்டும், வரதன் அண்ணன் இன்னும் பெட்டிகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்... எடுக்க வேண்டும்.