தூணின் ஓட்டு

அந்த பாப்டிஸ்ட் சபையில், நடுக்கூடத்தில் நின்ற தேக்குத் தூணுக்கும் ஓட்டு இருந்தது. உறுப்பினர் பதிவேட்டில் அதன் எண் நாற்பத்தொன்று. பெயர் என்ற கட்டத்தில் ‘தூண்’ என்றும், முகவரிக்கு ‘இவ்விடமே’ என்றும், தொழிலுக்குத் ‘தாங்குதல்’ என்றும் முதல் செயலாளர் மசியால் எழுதி வைத்திருந்தார். அவர் கிண்டலுக்கு எழுதவில்லை. ஆலயத்தின் முதல் வரைபடத்தில் தூணே கிடையாது. சுவருக்குச் சுவர் போக வேண்டிய உத்தரம் ஒரு முழம் குட்டையாக வந்து சேர்ந்ததால், இரண்டு துண்டை நடுவில் பூட்டி, பூட்டுக்கு அடியில் ஒரு தூண் நிறுத்துவதென்று முடிவாயிற்று. தூணுக்கான மரத்தை உள்ளே இழுத்து வந்த அன்று, போதகர் புதுத் தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஞானஸ்நானம் என்றால் தலையில் நாலு சொட்டுத் தெளிப்பதல்ல, தானாக மனம் வந்து ஒப்புக்கொண்ட ஆளை முழுக்க அமிழ்த்தி எடுப்பதுதான் என்பதில் அந்தச் சபைக்கு விட்டுக்கொடுக்காத பிடிவாதம் உண்டு. அதற்காகவே பிரசங்க மேடைப் பலகைகளுக்கு அடியில் பன்னிரண்டு அடி நீளத்தில் செங்கல் தொட்டி கட்டியிருந்தார்கள். போதகர் ஒத்திகையாக ‘நீ விசுவாசிக்கிறாயா?’ என்று கேட்டு வாய் மூடவும், கயிறு நழுவிப் பதினோரடி மரம் தொட்டிக்குள் பாயவும் சரியாக இருந்தது. முழுக்க அமிழ்ந்து, நீர் சொட்டச் சொட்ட எழுந்தது. விழுவதற்கு முன் அது ‘ஆமாம்’ என்று சொன்னதைச் சலவைக்காரி ஒருத்தி காதாரக் கேட்டாள். கொத்தனாரும் கேட்டார். கூட்டம் போட்டுக் கையெண்ணினார்கள். இருபத்தாறு பேர் ஆதரவு, பதினான்கு பேர் எதிர்ப்பு என்று மரம் சபையில் சேர்ந்தது.

மற்றபடி அது அடக்கமான கட்டடம். கோபுரம் இல்லை, சிலை இல்லை, படம் இல்லை. முகப்பில் முக்கோணமாக ஒரு சுவர், அதில் ஒரு கதவு, பக்கத்துக்கு மூன்று வளைவு ஜன்னல்கள். வலப்பக்கச் சுவரை இரண்டு முனையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்த அண்ணன் தம்பிக் கொத்தனார்கள் இடையில் பேச்சை நிறுத்திவிட்டதால், நடுவில் சுவர்கள் ஒரு சாண் இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அந்தச் சாணுக்கும் ஒரு கண்ணாடி போட்டு நான்காவது ஜன்னல் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வேண்டுமா என்ற கூட்டத்தில்தான் தூண் முதன்முதலாக ஓட்டுப் போட்டது. ஆதரவென்றால் அது தரையைவிட்டு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், எழும். செயலாளர் குனிந்து அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பார். தாள் போனால் ஆதரவு, முட்டினால் எதிர்ப்பு. வண்ணக் கண்ணாடிக்கு முட்டியது. பிற்பாடு மின்விசிறிக்குத் தாள் போயிற்று. எழுகிறபோது நாற்காலியிலிருந்து துள்ளி எழும் ஆளைப் போல் வெடுக்கென்று எழும். ஓடுகள் கடகடவென்று ஆடும், கொஞ்சம் தூசி கொட்டும், உடனே இறங்கிவிடும். தொண்ணூற்றாறு ஆண்டுகளில் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடாத ஒரே உறுப்பினர் அதுதான்.

தொண்ணூற்றாறாவது ஆண்டில் செயலாளராக இருந்தவள் ஒரு தையல்காரி. அவள் கணவர் தச்சர். அவர் இருபது வயதிலேயே முழுகியவர். அவளோ கல்யாணமாகி வந்து பதினைந்து ஆண்டுகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போனாள். யார் வற்புறுத்தியும் அசையவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கே தோன்றியது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போய்ப் போதகரிடம் சொன்னாள். தச்சருக்கே போதகர் சொல்லித்தான் விஷயம் தெரியும். அப்பா சொன்ன படிப்பு, அண்ணன் பார்த்த மாப்பிள்ளை, கணவர் பிடித்த வீடு என்று போன அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது. அவளைச் சேர்க்கலாமா என்று சபை ஓட்டெடுத்தபோது தூண் எழுந்ததை அவள் காலடிப் பலகையில் உணர்ந்தாள். ஏழு வாடகை வீடு மாறியவளுக்கு, ஆணியடிக்கக்கூட அடுத்தவரிடம் கேட்க வேண்டியிருந்தவளுக்கு, இந்த ஒரு கட்டடத்தில் சொல்லுரிமை இருந்தது. அந்த நினைப்பே அவளுக்கு ஒரு தெம்பு.

மழைக்காலம் முடிந்த வாரம், ஆராதனைக்கு நடுவில், கையகலச் சுண்ணாம்புக் காரை ஒன்று அவள் இருக்கைக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. மறுநாளே தச்சர் ஏணி போட்டு ஏறினார். இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. உத்தரத்தின் பூட்டு வாய்பிளந்துவிட்டது. இரண்டு துண்டும் தூணின் தலையில் ஆளுக்கு நாலு விரல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரும்புப் பட்டை போட்டு இறுக்கலாம். ஆனால் அதற்கு முன் உத்தரம் ஒரு நூலாவது மேலே போக வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கலாமென்றால், தூணைச் சுற்றியுள்ள தரை ஊறிப்போய் அந்தப் பாரத்தைத் தாங்காது. அன்றிலிருந்து அவர் ஆலயத்தில் கதவோர பெஞ்சுக்கு மாறி, போதகரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, இடிக்கப்போகிறீர்களா, வைத்துக்கொள்ளப்போகிறீர்களா என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தாருங்கள், இல்லையென்றால் பூட்டி முத்திரை வைப்போம் என்று கடிதம் அனுப்பினார். கடிதத்துக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு ஞாயிறுகளே இருந்தன. சபையின் விதிப்படி, எந்தத் தீர்மானமும் எழுதிய வாசகத்தோடு இரண்டு ஞாயிறு பலகையில் தொங்க வேண்டும். தையல்காரி அவசரமாக ஒரு தாள் எடுத்து, ‘இந்தக் கட்டடம் நிற்கட்டும்’ என்று எழுதி முதல் ஞாயிறே மாட்டிவிட்டாள்.

அதில் இருந்த வினையைத் தச்சர்தான் முதலில் கண்டார். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். “என்ன எழுதி வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? நிக்கட்டும்னு கேட்டா, ஆமான்னு சொல்ல தூண் எழுந்திரிக்கணும். அது வெடுக்குன்னு எழுந்திரிச்சா உத்தரம் நழுவிடும், மறு நிமிஷம் கூரை மொத்தமும் நம்ம தலையிலதான்.” அவள் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. இடிக்கலாம் என்று எழுதியிருந்தால், வேண்டாமென்று சொல்லத் தூண் சும்மா நின்றிருந்தாலே போதும். இனி மாற்ற வழியில்லை. புது வாசகத்துக்கு மறுபடி இரண்டு ஞாயிறு வேண்டும். “இடிக்கணும்னு எழுத எனக்குக் கை வரலீங்க,” என்றாள். தச்சருக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. “அப்போ என்னைவிட அந்த மரக்கட்டைதான் உனக்குப் பெருசு,” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தையல் இயந்திரம் மட்டும் பேசியது. தச்சர் வீடு வீடாகப் போய், இடிப்பதற்கு ஆதரவு தேடினார். தையல்காரி அளவெடுக்க வந்தவர்களிடம் நிற்பதற்கு ஆதரவு தேடினாள். சாயங்காலம் இருவரும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒரே கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் அறுபத்திரண்டு பேர் உட்காருவார்கள், அவள் எழுதிய மூன்று சொல் அவர்கள் தலைக்கு மேல் தொங்கும் என்று நினைத்தபோதெல்லாம் ஊசி விரலில் ஏறியது. ஆனாலும் தாளைக் கிழித்துப் போட மனம் ஒப்பவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் தொடங்கியது. தூணோடு சேர்த்து உறுப்பினர்கள் அறுபத்து மூவரும் கூடியிருந்தார்கள். கால் முறிந்தவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். எந்தப் பேச்சையும் ‘அரை நிமிஷம்’ என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் முடிப்பதால் அரைநிமிடம் என்றே பெயராகிவிட்ட மூத்தவர் எழுந்தார். சபை என்பது செங்கல் இல்லை, ஆட்கள்தான் என்று நாற்பது நிமிடம் பேசினார். அதைக் கட்டடத்துக்கு உள்ளே உட்கார்ந்து கேட்பது எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை மூன்று முறை காரைத்தூள் உதிர்ந்தது. போதகர் கைகளை எண்ணினார். நிற்கட்டும் என்று முப்பத்தொன்று, வேண்டாம் என்று முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். அதே. பிறகு யாரும் சொல்லாமலே எல்லாத் தலைகளும் நாற்பத்தோராவது உறுப்பினர் பக்கம் திரும்பின.

இப்போது கேட்கக் கூடாது, ஆட்கள் முதலில் வெளியேறட்டும் என்றார் போதகர். அறுபது பேரும் கதவு வழியாக முண்டியடித்து வெளியே போய், வளைவு ஜன்னல்களில் முகம் முகமாக அப்பிக்கொண்டு நின்றார்கள். ஒரு சாண் ஜன்னலில் அரைநிமிடம் மட்டும் பக்கவாட்டில் நின்றார். விதிப்படி, தூணின் ஓட்டைச் செயலாளர் எடுக்க வேண்டும், எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு முப்பத்தொரு பேரில் வெளியே போகாமல் நின்றவர் ஒருவர்தான். தையல்காரி பலகையிலிருந்து கழற்றிய தாளோடு தூணுக்கு வந்தபோது தச்சர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க போங்க. வேற யாராவது வரட்டும்,” என்றாள்.

“எதிரா ஓட்டுப் போட்டவன் நான். சாட்சி நிக்க எனக்கு உரிமை இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “கையை மட்டும் நீட்டு. உடம்பை உள்ள கொண்டுபோகாதே.”

அவள் மண்டியிட்டாள். அவர் அவளுக்கு மேலாகக் குனிந்து, கூரைக்கும் அவளுக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்தார். பதினோரடி உயரத்திலிருந்து அத்தனை பாரம் வந்தால் அந்த முதுகு எதற்கும் ஆகாது என்று தச்சரான அவருக்குத் தெரியாததல்ல. அவர் மூச்சு அவள் பிடரியில் பட்டது. வாசகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தாள். “இந்தக் கட்டடம் நிற்கட்டும்.”

தாள் முட்டியது. ஜன்னலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது; நிம்மதியும் வந்தது; எது முதலில் வந்தது என்று பின்னாளில் அவளால் சொல்ல முடியவில்லை. கையை எடுக்கப் போனபோது, விரலுக்கடியில் பலகை முனகியது. எப்போதும் வெடுக்கென்று எழும் தூண், தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி, பொறுத்துப் பொறுத்து எழுந்துகொண்டிருந்தது. முதலில் தாளின் ஓரம் நுழைந்தது. சிறிது நேரம் கழித்து முதல் சொல் நுழைந்தது. மேலே மரம் மரத்தோடு உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது, தூசி இருவர் தலையிலும் மாவு சலித்த மாதிரி இறங்கியது, ஓடுகள் ஒன்றுகூட ஆடவில்லை. போதகர் வெளியே நின்று கடிகாரம் பார்த்தார்: பதினோரு நிமிடம். தாள் முழுக்க உள்ளே போயிற்று. தச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பூட்டின் பிளவு தையல் போட்ட துணி மாதிரி மூடிக்கொண்டிருந்தது.

“இறங்கிடாதே,” என்றார் அவர், தூணிடம். தொண்ணூற்றாறு ஆண்டுகளில் தூணிடம் நேரடியாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். “கொஞ்சம் அப்படியே நில்லு, நான் வந்துடறேன்.” ஓடிப்போய் ஏணியும் இரும்புப் பட்டையும் கொண்டுவந்தார். பட்டை தயாராக இருந்தது. இடிக்க ஆதரவு தேடி அலைந்த அதே வாரத்தில் அவர் அதையும் பட்டறையில் அடித்து, துளை போட்டு வைத்திருந்தார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், அவர் கடைசித் திருகை முடுக்கும்போது மணி நாலு.

மறுநாள் பொறியாளர் வந்து, பட்டையைத் தட்டிப் பார்த்தார், திருகுகளை எண்ணினார். பிறகு குனிந்து தூணுக்கு அடியில் அளவுகோலைச் செருகி இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். தூண் இறங்கியிருக்கவில்லை. ‘தூண்: தரையிலிருந்து ஒரு நூல் உயரத்தில், நல்ல நிலையில்’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தெருவில் ஒரு சாக்கடையைப் பார்க்கப் போனார். அதன் பிறகும் அது இறங்கவில்லை. எல்லாத் தீர்மானத்துக்கும் தாள் போய்விடும் நிலை வந்ததால், பணியில் இருக்கும் உறுப்பினரை ஓட்டெடுப்புக்குத் தொந்தரவு செய்வதில்லை என்று அடுத்த கூட்டத்தில் அரைநிமிடம் முன்மொழிய, ஒருமனதாக நிறைவேறியது. சனிக்கிழமைகளில் பெருக்குகிறவள் துடைப்பத்தைத் தூணுக்கு அடியிலும் ஒரு இழுப்பு இழுத்து, அங்கே கிடக்கும் தாளை ஒதுக்காமல் விட்டுவிடுகிறாள். தச்சர் கதவோர பெஞ்சை விட்டுவிட்டார்; ஞாயிறுகளில் பூட்டுக்கு நேர் கீழே, மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறார். எப்போதாவது கொஞ்சம் தூசி விழும். அவள் தோளிலிருந்து அதைத் தட்டிவிடுவார், மேலே பார்ப்பதில்லை.