தட்டிக்கு அந்தப் பக்கத்து ஆடு

முத்துக்குமாரு நடத்தும் ரியூட்டறி, அதாவது தனியார் வகுப்பு நிலையம், என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். பருத்தித்துறையில் ஒரு கொட்டில், நடுவில் மறைப்புக்கு ஒரு ஓலைக் கிடுகுத் தட்டி, அவ்வளவுதான். தட்டிக்கு இந்தப் பக்கம், தலை நரைக்கும்வரை உயர்தரக் கணிதம் படிப்பித்த நான், தியாகராசா மாஸ்டர். அந்தப் பக்கம், கம்பஸ் பட்டம் முடித்து நேற்று வந்த கமலாவதி.

"சண்டைக்குள்ளை பிள்ளையள் குறைஞ்சு போச்சு. ரெண்டு கணக்கு வகுப்புக் கட்டுப்படியாகாது. தவணை முடிய ஆரிட்டை கூடப் பிள்ளையள் நிக்குதுகளோ, அவரே தொடர்ந்து படிப்பிக்கட்டும்" என்று முத்துக்குமாரு சொல்லிவிட்டார். பிள்ளைகள் உட்காரும் என் பக்கத்து வாங்குகளோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெறுமையாகிக்கொண்டு வந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் என் பிள்ளைகள் பாடத்திலிருந்து தப்பினோம் என்று பங்கர் குழிக்குப் பறக்கிறார்கள். அவளின் பிள்ளைகளோ, "இதை மட்டும் முடியுங்கோ மிஸ்" என்று கெஞ்சிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பொம்மரையும் மறக்கவைக்கும் படிப்பு அப்படி என்ன படிப்பு?

அன்று இருவருக்கும் ஒரே பாடம், சிக்கலெண். e-இன் சுட்டியில், அதாவது அதன் தலைக்கு மேல், கற்பனை எண் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? நான் வழமைபோலத் தொடரை விரித்தேன். கோசைனையும் சைனையும் பிரித்தெழுதி, "பாடமாக்குங்கோ" என்றேன். வகுப்பில் மூச்சுச் சத்தமில்லை. அட, இவ்வளவு கவனமா என்று உள்ளம் குளிர்ந்து திரும்பினால், எல்லாக் காதும் தட்டிப் பக்கம்!

"சாதாரண எண் சுட்டியிலை இருந்தா, நிக்கிற திசையிலேயே வளரும். i-ஆலை பெருக்கினா? செங்கோணம் திரும்பும். அப்ப வளர்ச்சி குறுக்காலைதான். முளையிலை கட்டின ஆட்டை நினையுங்கோ. கயிறு விறைப்பா நிக்குது. ஆடு எப்பவும் கயித்துக்குக் குறுக்காலைதான் அடி வைக்குது. முளையிலையிருந்து தூரம் கூடுமோ?"

"இல்லை மிஸ், வட்டமாச் சுத்தும்!"

ஆடாம், ஆடு! கணக்குக்குள் கால்நடையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தேன். நான் எழுதியிருந்த கோசைனும் சைனும் அந்த ஆடு நிற்கும் இடத்தைத்தான் சொல்லின. இத்தனை வருடம் இதே வரியை எழுதியும் எனக்கு ஆடு தெரியவில்லையே! அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எரிச்சல் இரண்டு மடங்காகியது.

"சரி, இப்ப சுட்டியிலை மெய்யெண்ணும் இருக்கு, கற்பனை எண்ணும் இருக்கு. ஆடு சுத்தச் சுத்த, கயித்தையும் இளக்கி விடுறம். தடம் எப்பிடி இருக்கும்?"

அந்தப் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பக்கமும் விழித்தார்கள். எனக்கோ ஆடு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. சுற்றுகிறது, விலகுகிறது, சுற்றுகிறது, இன்னும் விலகுகிறது.

"சுருளாப் போகும்!"

கத்தியது நான்தான். வாயைப் பொத்துவதற்கு முந்திச் சொல் தட்டியைத் தாண்டிவிட்டது.

"அச்சாப் பிள்ளை! ஆரது? எழும்பி நில்லும் பாப்பம்" என்றாள் கமலாவதி.

என் வகுப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். கரும்பலகையில் எழுதிய வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, வெறுமையாய்க் கிடந்த பின்வாங்கில் போய் இருந்தேன். வயிறு இன்னும் எரிந்தது. அவளின் பிள்ளைகளில் இன்னும் ஒன்று கூடிவிட்டது.